பூங்கோதையார் பேசாத நாள்

கீழைமருதத்தில் பிள்ளைப்பேறு பார்ப்பது பூங்கோதையாரின் தொழில். பிரசவம் பார்த்தவர் பதினைந்து நாள் கோயிலுக்குள் நுழையக் கூடாதென்பது அவ்வூர் வழக்கம். ஊர்ப் பெண்கள் அவரைப் பதினைந்து நாள் எங்கே சும்மா விட்டார்கள்? முப்பது ஆண்டாகக் கோபுரத்தைத் தெருவிலிருந்து கும்பிட்டதோடு சரி.

ஆகவே வேலை முடிந்து வீடு திரும்பியதும் தலை முழுகுவார். மருந்து அரைக்கும் குழவிக்கல்லைக் கழுவி, லிங்கம்போல நிமிர்த்தி வைத்து, ஒரு பூச் சாத்துவார். எதிரே காலை நீட்டி உட்கார்ந்து, அன்று பட்ட பாட்டையெல்லாம் ஈசனிடம் கொட்டித் தீர்ப்பார். இடுப்பு வலி, மாமியார்க்காரிகளின் ஏச்சு, தலை திரும்பாத பிள்ளை, எதுவும் மிச்சமிராது. நடுவே அழுவார், ஈசனையே இரண்டு வார்த்தை திட்டுவார். மனம் லேசான பிறகுதான் கஞ்சி.

கல்லோடு குடித்தனம் நடத்துகிறாள் என்று ஊரார் சிரித்தனர். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் வாசலோடு போன கோயில் குருக்கள் ஈசானர் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டார்.

"தீட்டுச் சமாசாரத்தையெல்லாம் சாமி காதுல போடலாமா? பாவம் உனக்கு மட்டுமில்ல, ஊருக்கே வரும்" என்றார்.

ஊருக்கு என்றதும் கோதையார் அஞ்சிவிட்டார். அன்று முதல் பூ மட்டும் சாத்தினார், வாய் திறக்கவில்லை.

நான்காம் நாள் ஒரு தலைப்பிரசவம். பிள்ளை பிழைத்தது, தாய் அவர் மடியிலேயே கண்மூடினாள். வீடு வந்து தலை முழுகினார், பூச் சாத்தினார். சொல்ல வாயெடுத்தவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சொன்னால் ஊருக்கு ஆகாதே! கஞ்சி இறங்கவில்லை. இனி இந்தத் தொழிலே வேண்டாம் என்று முடிவுசெய்து சுருண்டு படுத்தார்.

விடியலில் கோயிலில் ஈசன் இரவு துயிலும் பள்ளியறையைத் திறந்த குருக்கள் திகைத்தார். நாளும் கசங்கிக் கிடக்கும் மஞ்சத்துப் பூ, பரப்பியது பரப்பியபடியே இருந்தது. உள்ளிருந்து குரல் வந்தது.

"கோதை நேற்று அழவேண்டியதை அழவில்லை. அவள் உறங்காமல் எனக்கு ஏது உறக்கம்?"

குருக்கள் ஓடினார். தீட்டு வீடென்றும் பாராமல் உள்ளே போய்க் குழவிக்கல்லின் அருகே தரையில் அமர்ந்தார்.

"தப்பு என்னுதும்மா. நேத்து என்ன நடந்துச்சுன்னு சாமியே கேக்கறார். சொல்லும்மா."

கோதையார் கல்லைப் பார்த்தார். "பத்தொம்பது வயசுப் பொண்ணுப்பா" என்று தொடங்கினார், அழுகை உடைத்துக்கொண்டது. வெயில் ஏறும்வரை சொன்னார், திட்டவும் செய்தார். பிறகு கஞ்சி குடித்தார். குடித்து முடிக்குமுன் யாருக்கோ வலியெடுத்ததென்று வாசலில் ஆள் வந்து நின்றது. மருந்துப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஈசனைக் கண்ணயர விடாத அந்த அன்புக்கு நம் வணக்கம்.