சூசையப்பரின் விரல்

கிறிஸ்துமஸ் குடிலில் எல்லாரும் பாலனைப் பார்ப்பார்கள். பாலன் வருமுன் மாதாவைப் பார்ப்பார்கள். பிள்ளைகள் ஒட்டகத்தைப் பார்க்கும். மாதாவின் கணவர் சூசையப்பரை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. கையில் கோலோடு ஓரமாக நிற்பார், கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி.

அந்த வருஷம் பங்குக் கோயில் குடிலுக்குச் சூசையப்பரைச் செய்யும் வேலை சந்தியாகுவுக்கு வந்தது.

சந்தியாகு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காதோரம் நரைத்துவிட்டது. கான்வென்ட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்கூடத்தில் சிஸ்டர் பவுலினிடம் சிலை செய்யக் கற்றுக்கொண்டிருந்தார். சிஸ்டர் வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவர். அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். ஆனால் மண்ணுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் அண்ணனாவது தங்கையாவது. அங்கே சிஸ்டர் வைத்ததுதான் சட்டம்.

அதுவரை ஆடுகளும் ஒரு கழுதையும்தான் சந்தியாகுவின் கைக்கு வந்திருந்தன.

“சூசையப்பரா? எனக்கா சிஸ்டர்?”

“ஆமாண்ணே. எனக்கு அவர் பிடிபடவே இல்ல. நிக்கிறார். அதுக்கு மேல என்ன செய்றார்னு தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க.”

முதலில், வானத்தை அண்ணாந்து பார்க்கிற சூசையப்பரைச் செய்தார். சிஸ்டர் சுற்றி வந்து பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கார். போட்டோவுக்கு நிக்கிற தாய்மாமன் மாதிரி.”

சொல்லிக்கொண்டே, ஈரம் காயாத அந்தச் சிலையைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டார். சூசையப்பர் குமிழி விட்டுக்கொண்டே கரைந்தார்.

அடுத்தது, கண்ணை மூடி ஜெபிக்கிற சூசையப்பர்.

“தூங்குறாரா?” என்றார் சிஸ்டர். அந்தச் சூசையப்பரும் தொட்டிக்குப் போனார்.

“தொட்டி பூரா சூசையப்பராக் கிடக்கார் சிஸ்டர்.”

“கிடக்கட்டும். அவருக்கு என்ன வேலைன்னு தெரியிற வரைக்கும் அங்கயே இருக்கட்டும்.”

அந்த வாரத்தில்தான் சந்தியாகுவின் மனைவி சலேத்மேரிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி எடுத்தது. எத்தனையோ வருஷம் காத்திருந்து வயிற்றில் தங்கிய முதல் பிள்ளை. பெண் குழந்தை. பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அழுவதற்குக்கூடத் தெம்பில்லாத குழந்தை. சலேத் அங்கேயே இருந்தாள். சந்தியாகு சாயங்கால டிரிப் முடிந்ததும் பஸ் பிடித்துப் போவார்.

ஒரு நாள் நர்ஸம்மா மனமிரங்கி, பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் வட்டமான வாசலைத் திறந்துவிட்டார்.

“கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவியாச்சா? ஒரு விரல் மட்டும்தான்.”

மற்ற அப்பாக்கள் பிள்ளையின் பாதத்தைத் தொடுவார்கள். உள்ளங்கையைத் தொடுவார்கள். சந்தியாகு விரலை மூக்குக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினார்.

நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. “மூச்சுப் பாக்குறீங்களா? அதுக்குத்தான் மிஷின் இருக்கே. அது பாத்துக்கும்.”

“மிஷினும் பாக்கட்டும்மா. நானும் பாத்துக்கிறேன்.”

மறுநாள் காலை டிரிப் முடிந்ததும் நேரே மண்கூடத்துக்கு வந்தார். சாப்பிடவில்லை. செருப்பைக் கழற்றிய இடம் தெரியவில்லை. மண்ணை அள்ளி ஓங்கி அடித்தார். அப்புறம் என்ன நடந்தது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. முழங்கால் வந்தது. வளைந்த முதுகு வந்தது. கோல் எங்கே என்று கை தேடவே இல்லை. மண் அவர் சொன்னதைக் கேட்டதா, அவர் மண் சொன்னதைக் கேட்டாரா, அடுத்து அடுத்து என்று ஓடிக்கொண்டே இருந்தது. சாயங்கால டிரிப்புக்கு நேரமாகிவிட்டதே என்று ஓடினார். சட்டை முழுக்க மண். வேனில் பிள்ளைகள், “டிரைவர் மாமா சேத்துல விழுந்துட்டாரு!” என்று கத்தின. அவரும் சேர்ந்து சிரித்தார்.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் சூசையப்பர் முடிந்துவிட்டார். மண்டியிட்டு, முன்னால் குனிந்து, வலது கையை நீட்டி, ஒரே ஒரு விரலை மட்டும் காட்டுகிற சூசையப்பர்.

சிஸ்டர் சுற்றி வந்து பார்த்தார். இன்னொரு முறை சுற்றினார். தொட்டிப் பக்கம் போகவே இல்லை.

“சூளைக்கு அனுப்பலாம்,” என்றார்.

வெந்து, வர்ணம் பூசி, கோயிலில் குடில் கட்டியபோதுதான் வினை வந்தது. கிறிஸ்துமஸ் பூசை வரைக்கும் பாலன் சுரூபத்தைக் குடிலில் வைக்கக் கூடாது. பூசையில் பங்குச் சாமியார் கையால்தான் வைக்க வேண்டும். அதுவரைக்கும் பாலனைக் கிடத்தும் முன்னணையில் வைக்கோல் மட்டும்தான் இருக்கும். இது குழந்தைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சந்தியாகுவுக்கும் சிஸ்டருக்கும் மட்டும் எப்படியோ நினைவுக்கு வரவில்லை. சூசையப்பர் வெறும் வைக்கோலுக்கு மேல் குனிந்து விரலை நீட்டிக்கொண்டிருந்தார்.

தோரணம் கட்ட வந்த பெண்களுக்குப் பொழுது நன்றாகப் போனது.

“சூசையப்பர் எதையோ தொலைச்சுட்டாருடி.”

“மூக்குத்தித் திருகாணியா இருக்கும். மாதா மூஞ்சியப் பாரு, எவ்வளவு அமைதியா கோவமா இருக்காங்க.”

உபதேசியார் மரியசூசைக்குச் சிரிப்பு வரவில்லை. கோயில் காரியங்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறவர் அவர்.

“என் பேர் கொண்ட புனிதர் சிஸ்டர் அவர். திருக்குடும்பத்துத் தலைவர். கோழி மாதிரி வைக்கோலைக் கிளறிக்கிட்டு நிக்கிறாரு. எனக்கு மானம் போகுது. பழைய சூசையப்பரையே எடுத்து வைக்கப் போறேன்.”

“பாலன் வரட்டும் உபதேசியாரே.”

“வர்றதுக்குள்ள ஊரே சிரிச்சு முடிச்சிடும்.”

சிரித்தது எதுவும் சந்தியாகு காதில் விழவில்லை. அவர் கோயில் பக்கமே வரவில்லை. பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மூச்சு நின்று நின்று வந்தது. இனிமேல் எங்கள் கையில் இல்லை என்பது போல டாக்டர் பேசிவிட்டுப் போனார். வேனை வேறொருவரிடம் விட்டுவிட்டு, சந்தியாகு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார். அங்கே வைத்து ஆண்டவரிடம் ஒரு வேண்டுதல் செய்தார். சலேத்திடம்கூடச் சொல்லவில்லை.

பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம். கோயிலில் பாடகர் குழு பாடிப் பார்த்துக்கொண்டிருந்தது. உபதேசியார் நட்சத்திரத்தை மாட்டுவதற்கு ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு, “சுத்தியல் எங்கய்யா? யாரைக் கேட்டாலும் தெரியாதுன்னா எப்படி?” என்று எல்லாரையும் ஏசிக்கொண்டிருந்தார்.

வாசலில் சந்தியாகு ஓடி வந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. வாய் சிரித்தது.

“பொழைச்சுக்கிட்டா! எம்பொண்ணு பொழைச்சுக்கிட்டா! டியூபை எல்லாம் எடுத்துட்டாங்க. தானா மூச்சு விடுறா! பால் குடிக்கிறா!”

பாட்டு நின்றது. பெண்கள் தோரணத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். “மாதாவே, மாதாவே” என்று ஒருத்தி நெஞ்சில் கை வைத்து அழுதாள். யாரோ டிரம்மில் ஒரு தட்டுத் தட்டினார்கள்.

சந்தியாகு யாரிடமும் நிற்கவில்லை. குடிலின் மூங்கில் வேலியைத் தாண்டி உள்ளே கால் வைத்தார். ஆடு ஒன்று கவிழ்ந்தது. இடுப்பிலிருந்து சுத்தியலை உருவி, சூசையப்பரின் தலைக்கு மேலே ஓங்கினார்.

“யோவ்! யோவ்!” உபதேசியார் பாய்ந்து வந்து சூசையப்பரைக் கட்டிக்கொண்டார். “வேணாம்யா! பரண்ல பழசை எடுத்துப் பாத்தேன், அதுக்குத் தலையே இல்ல! இருக்கிறது இவர் ஒருத்தர்தான்!”

“விலகுங்க உபதேசியாரே. வேண்டுதல்.”

வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்த சிஸ்டர் பவுலின் எழுந்தார். பதறவில்லை.

“பிள்ளை பொழைச்சதுக்கு சூசையப்பரை உடைக்கிற வேண்டுதலா? என்ன சொல்லி வேண்டிக்கிட்டீங்க? அப்படியே சொல்லுங்க.”

சந்தியாகு ஓங்கிய கையை இறக்கவில்லை. “நான் செஞ்சதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது எதுவோ, அதை உடைச்சுடுறேன், என் பிள்ளைய விட்டுடும்னு கேட்டேன். விட்டுட்டார். நான் குடுக்கலைன்னா திரும்ப எடுத்துக்குவார் சிஸ்டர்.”

“நீங்க செஞ்சதுலயே ரொம்பப் பிடிச்சது.”

“ஆமா.”

“இந்தச் சூசையப்பரா?”

ஆமாம் என்று சொல்லத்தான் சந்தியாகு வாயைத் திறந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற மகள்தான் மனசில் வந்தாள். முகம் வெளுத்துப்போனது. சுத்தியல் மெதுவாகக் கீழே இறங்கியது. உபதேசியார் அதைப் பக்குவமாக வாங்கித் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.



“இந்த விரல் எப்படி வந்துச்சுண்ணே?” என்றார் சிஸ்டர். “அன்னைக்கே கேக்கணும்னு நினைச்சேன். காட்டுங்க பாப்போம்.”

சந்தியாகு முன்னணைக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். வைக்கோலுக்கு மேல் குனிந்தார். விரலை நீட்டினார். வெறும் காற்றில், ஒரு மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் விரல் நின்றது.

இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஒரே முதுகு. ஒரே கை.

“அட, மூச்சுப் பாக்குறாருடி,” என்றாள் ஒரு பெண் மெல்ல. திருகாணி ஜோக் சொன்னவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பட்டுச்சு சிஸ்டர்,” என்றார் சந்தியாகு, குனிந்தபடியே. “சின்னதா. சூடா. எறும்பு ஊர்ற மாதிரி. அதை அப்படியே விரல்ல வச்சுக்கிட்டு வந்து இவரைச் செஞ்சேன்.”

“அப்புறம் ஏன் உடைக்கணும்?”

அவர் நிமிரவில்லை. பேச்சு வைக்கோலுக்குள் விழுந்தது.

“சந்தோஷமா இருந்தேன் சிஸ்டர். அங்க எம்பிள்ளை மூச்சுக்குத் திண்டாடுது. இங்க நான் மண்ணைப் பிசைஞ்சுக்கிட்டு விசிலடிச்சிருக்கேன். விசில்! என் காதுலயே விழுந்து, சீன்னு வாயை மூடினேன். கொஞ்ச நேரத்துல திரும்பவும் வந்துருச்சு. இவர் முடியிற வரைக்கும் நிக்கவே இல்ல. ஒரு அப்பன் செய்ற காரியமா அது? அதுக்கப்புறம்தான் அவளுக்கு மோசமாச்சு. ஆண்டவர் கேட்டுட்டார்னு தெரிஞ்சுபோச்சு.”

உபதேசியார் நாக்கால் ‘ச்சு’ கொட்டினார். “தப்புதானே பின்ன. அந்த நேரத்துல ஜெபமாலை சொல்லியிருக்கலாம்.”

“உபதேசியாரே,” என்றார் சிஸ்டர், “நற்கருணைக்குப் போற பிள்ளைங்களுக்கு நீங்கதானே பாடம் எடுக்கிறீங்க? முதல் மனுஷனை ஆண்டவர் எப்படிச் செஞ்சார்?”

உபதேசியார் நெஞ்சை நிமிர்த்தினார். “மண்ணால உருவாக்கி, நாசியில ஊதினார்.”

“எதை ஊதினார்?”

“மூச்சைத்தான்.”

சிஸ்டர் கவிழ்ந்து கிடந்த ஆட்டை எடுத்து நிறுத்தினார். சந்தியாகுவுக்கு எதிரே தானும் மண்டியிட்டார்.

“கேட்டீங்களாண்ணே? கை நிறைய மண்ணு. வாய் நிறையக் காத்து. அவர் மட்டும் விசிலடிக்காம இருந்திருப்பாரா?”