மந்திரி அழைத்து வந்த விருந்தாளி

வெயில் மண்டையைப் பிளக்கும் ஊரில், சூட்டைப் பொத்தி வைக்க ஒரு கண்ணாடி வீடு கட்டினார் ராஜா கனகசேகரன். கடலுக்கு அப்பால் உள்ள ராஜாவிடம் இருக்கிறதாம். நம்மிடம் இல்லாவிட்டால் மானம் என்னாவது! உள்ளே வெள்ளரி போட்டார்கள். தோட்டக்காரி வேலாயி புண்ணியத்தில் நன்றாகவே காய்த்தது.

மந்திரி திருமேனிநாதருக்குப் பொறுக்குமா? கப்பலில் வந்த சீமைக் கொடி ஒன்றை மேளதாளத்தோடு கொண்டு வந்தார்.

"உதறிப் பார்த்து உள்ளே விடலாமுங்க, சாமி" என்றாள் வேலாயி.

"ராஜ விருந்தாளியையே சோதனை போடுவாயா? தள்ளு!" என்று அதட்டினார்.

விருந்தாளியின் இலைக்கு அடியில் வெள்ளை ஈக்கள் இருந்தன. நல்ல கதகதப்பு, கேட்பாரில்லாத சாப்பாடு. அவை பிள்ளை குட்டி பெற்றுப் பெருகின. வெள்ளரி இலையெல்லாம் மஞ்சளாகிச் சுருண்டது. பார்க்க வந்த ராஜா கொதித்துப் போனார்.

"இவள் கவனிக்காததுதான் காரணம். தலையை வாங்குங்கள்!" என்றார் மந்திரி, கொஞ்சமும் கூசாமல்.

கூட வந்திருந்த அரண்மனை விகடகவி மருதப்பர் முன்னால் வந்தார். சீமைக் கொடியில் ஓர் இலையைத் திருப்பினார். குப்பென்று ஈ பறந்தது.

"மகாராஜா, விருந்தாளி பரிவாரத்தோடு அல்லவா வந்திருக்கிறார்! சீமை விருந்தாளி வந்தால் நம் வழக்கம் என்ன?"

"அழைத்து வந்தவர் கூடவே தங்கி, கடைசி ஆள் போகும்வரை கவனிக்க வேண்டும்" என்றார் ராஜா.

"அழைத்து வந்தவர் இதோ நிற்கிறார். மேளச் சத்தத்தை ஊரே கேட்டது."

"ஐயோ, மகாராஜா!" என்று அலறினார் மந்திரி.

"வழக்கம் என்றால் வழக்கம்தான். உள்ளே போம்!" என்றார் ராஜா.

ஓர் ஈகூட ஊர் வயலுக்குத் தப்பாதபடி கதவைச் சாத்தினார்கள். ஈ வந்து ஒட்டிக்கொள்ள விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் துணியும் வேப்பெண்ணெய்க் கரைசலும் மந்திரி கையில் ஏறின. மந்திரி முதல் வேலையாகத் தன் சீமைக் கொடியைப் பிடுங்கிச் சாக்கில் திணித்தார். பட்டு வேட்டி தொப்பலாக நனைந்தது.

"இலைக்கு அடியிலேயும் துடைங்க, சாமி!" என்று கண்ணாடிக்கு வெளியிலிருந்து வேலாயி உபசரித்தாள்.

கடைசி ஈயும் ஒழிந்த பிறகே மந்திரி வெளியே வந்தார், பாதி உடம்பாக. தோட்டத்துச் சாவி வேலாயி இடுப்புக்குப் போனது.

அடுத்த கப்பலில் சீமைத் தூதர் ஒருவர் வந்தார். வரவேற்கப் போன திருமேனிநாதர் அரண்மனை வாசலிலேயே அவரை மறித்தார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சிரிக்க, மந்திரி கைகூப்பிச் சொன்னார்: "தூதரே, கோபிக்கக் கூடாது. அந்த அங்கியைக் கொஞ்சம் உதறிவிட்டு உள்ளே வாருங்கள்."