குலவைக்குக் கண் விழித்த இடுப்பு

உடம்பின் உறுப்புகள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், எங்கள் ஊரில் காத்தாயி என்றொருத்தி இருந்தாள். நடவு நடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எங்கள் ஊர்க்காரி என்பதற்காகச் சொல்லவில்லை. அவள் நட்ட வரிசையில் நண்டுகூட ஒதுங்கித்தான் போகும்.

அப்போதெல்லாம் நடவுக்குக் குனிந்தவள் வரப்பைத் தொடும்வரை நிமிரக் கூடாது. நடுவில் நிமிர்ந்தால் சோம்பேறி என்று பெயர் வைத்துவிடுவார்கள். காத்தாயி ஒருநாளும் நிமிர்ந்ததில்லை. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

ஒரு வருஷம் ஆற்றில் தண்ணீர் பிந்தி வந்தது. பறித்த நாற்று வெயிலில் வாடிக்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் நட்டு முடிக்காவிட்டால் ஊருக்கு அந்த வருஷம் சோறில்லை. காத்தாயி முன்னால் குனிந்தாள். மற்ற பெண்களும் அவளோடு குனிந்தார்கள்.

பாதி வயலில் அவள் இடுப்பு பிடித்துக்கொண்டது. கையில் நாற்று இருந்தது, உடம்பு அசையவில்லை.

"ஏ இடுப்பே, என்ன பண்றே?" என்றாள்.

"நீ அடியோட குனிஞ்சா எனக்கு வேலையே இல்லடி, தூங்கிருவேன்" என்றது இடுப்புச் சதை. "எலும்பைக் கட்டியிருக்கிற நாருதான் உன்னைத் தாங்குது. குனிஞ்சு குனிஞ்சு அது தொவண்டு போச்சு. அதான் பயந்து முழிச்சு இறுக்கிப் பிடிச்சிருக்கேன்."

"விடு, நாத்து வாடுது."

"மெதுவா நிமிரு, விடுறேன். அப்பப்ப இப்படி என்னை எழுப்பினா சேந்தே வேலை பாப்போம்."

"நிமிந்தா எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கிறவங்களா உனக்குச் சோறு போடப்போறாங்க?"

காத்தாயி வாடிய நாற்றைப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நடுவயலில் நிமிர்ந்தாள். வலியில் கண் கலங்கியது. குனிந்திருந்த பெண்கள் திகைத்துப் பார்த்தார்கள். நிமிர்ந்ததை அவள் ஒளிக்கவில்லை. நாக்கைச் சுழற்றி ஊருக்கே கேட்கும்படி குலவை போட்டாள்.

"என் இடுப்பை எழுப்புறேன். உங்களுதும் தூங்கிட்டுத்தான் கிடக்கு, எந்திரிங்கடி."

பக்கத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு நட்ட மூக்காயி முதலில் நிமிர்ந்தாள். பிறகு எல்லோரும் நிமிர்ந்து குலவை போட்டார்கள். மறுபடி குனிந்தபோது கை தானாக ஓடியது. வெயில் தாழுமுன் வயல் பச்சையாகிவிட்டது. அந்த வருஷம் ஊர் வயிறாரச் சாப்பிட்டது.

நடவு வயலில் பெண்கள் பாதியில் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து குலவை போடுவது அன்று தொடங்கியதுதான். அவர்களைச் சோம்பேறி என்று அதற்குப் பிறகு ஒருவரும் சொன்னதில்லை. சொல்கிற வாய்க்கும் சோறு அங்கிருந்துதானே வருகிறது.