உப்பளத்துக்கு வந்த மஞ்சமார்பு உள்ளான்

எனக்கு வயது அறுபத்திரண்டு. என் குருவுக்கு முப்பத்தெட்டு. பெயர் சந்தனமாரி. தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளத்தில் மேற்பார்வை வேலை பார்க்கிற பெண். "குருவே" என்று கூப்பிட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனாலும் அப்படித்தான் கூப்பிடுவேன். பறவை பார்க்கக் கற்றுக்கொடுத்தவரை வேறெப்படிக் கூப்பிடுவதாம்?

எங்கள் வட்டாரத்தில் யாராவது அபூர்வமான பறவையைக் கண்டதாகச் சொன்னால், சரியா தப்பா என்று பார்த்து ஏட்டில் ஏற்றுகிறவரும் அவர்தான். ஏற்றினால், பறவையின் பெயருக்குப் பக்கத்தில் கண்டவர் பெயரும் வரும். 'கண்டவர்: ஆறுமுகநயினார்' என்று ஒரு வரி வந்துவிட வேண்டும் என்று ஒன்பது வருஷம் நாயாய் அலைந்திருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். இரண்டையும் குரு அடித்துவிட்டார்.

"உங்க ஆசை பார்த்திருக்கு அண்ணாச்சி, நீங்க பார்க்கல" என்றார்.

அந்தப் புரட்டாசிக் காலையில், காய்ந்த பாத்தி ஒன்றில் அது நின்றது. கோழிக்குஞ்சு அளவு. மார்பில் மங்கின மஞ்சள். ஒற்றைக் காலில், கண்ணை மூடிக்கொண்டு. குருவுக்குப் போன் போட்டேன். போட்டது போட்டபடி வந்தார்.

தொலைநோக்கியில் வெகுநேரம் பார்த்தார்.

"மஞ்சமார்பு உள்ளான் மாதிரிதான் தெரியுது."

"மாதிரி என்ன மாதிரி! அதேதான்."

"பேதை உள்ளான்ல இளசும் இப்படித்தான் இருக்கும். அது வருஷா வருஷம் வர்றது. சிறகைத் தூக்கினாத்தான் வித்தியாசம் தெரியும். அடியில வெள்ளை, அதுல கறுப்பா ஒரு வளைவு இருக்கணும்."

"இருந்தா?"

குரு தொலைநோக்கியை இறக்கினார்.

"இருந்தா, இது அமெரிக்காக்காரன். அங்கேயே வடக்கே பொரிச்சு, அங்கேயே தெற்கே போற ஜாதி. நம்ம பக்கம் அதுக்கு ஒரு சோலியும் கிடையாது. எத்தனை கடல் தாண்டுச்சோ! துணைக்கு ஒண்ணுகூட இல்லாம. யம்மா, நினைச்சாலே புல்லரிக்கு."

எனக்குக் கைதான் அரித்தது.

"ஒரு தடவை கையைத் தட்டினாப் போதும் குருவே. பறக்கும். படம் எடுத்திருவேன்."

"தட்டலாம். அதுக்கு முன்னால, அந்தா தெரியுதே, நம்ம பக்கத்துக் கடைசி வரப்பு, அதுவரைக்கும் ஓடிட்டு வாங்க."

"எதுக்கு?"

"ஓடிட்டு வாங்களேன்."

என் முட்டி இரண்டும் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஓடினேன். திரும்பி வந்து, மூச்சு முட்ட, தொப்பென்று உட்கார்ந்தேன். கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஆகவில்லை, குரு தோளைத் தட்டினார்.

"எந்திரிங்க. இன்னொரு தடவை."

"என்னைக் கொல்லப் பாக்கீங்களா?"

குரு பாத்திப் பக்கம் கையைக் காட்டினார். பறவையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்; கண்ணைத் திறக்காமல், அதே ஒற்றைக் காலில். அதற்கப்புறம் கை தட்டுகிற பேச்சை நான் எடுக்கவில்லை.

காத்திருந்தோம். வெயில் ஏறியது. உப்பில் பட்டுக் கண் கூசியது. ஒன்பது மணி சுமாருக்கு அது கண்ணைத் திறந்து இரண்டு காலையும் ஊன்றியது. அப்புறம் மேய ஆரம்பித்தது பாருங்கள்! ஓடும், நிற்கும், டப்பென்று ஒரு பூச்சி. மறுபடி ஓடும். என்ன வேகம், என்ன குறி! எத்தனை நாள் பட்டினியோ, பாவம்.

அந்த நேரம் பார்த்து உப்பு லாரி ஒன்று பறவைப் பக்கத்துப் பாதையில் திரும்பியது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். குரு தொலைநோக்கியை என்னிடம் தந்துவிட்டு ஓடினார். லாரிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"யக்கா, ஒரு குருவிக்காகவா லோடை நிறுத்துற?" என்று டிரைவர் கத்தியது எனக்கே கேட்டது. குரு என்ன சொன்னாரோ, கேட்கவில்லை. என்ஜின் சத்தம் அடங்கியது. அரை மணி நேரம் அவர் அங்கேயே நின்றார்.

அது மேய்ந்து முடித்தது. அலகை மண்ணில் துடைத்தது. உடம்பை ஒரு தடவை சிலிர்த்துக்கொண்டு, தானாகவே எழும்பியது. என் தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டது. இரண்டு சிறகும் வெயிலில் விரிந்திருந்தன. வெள்ளை. அதில் மை தொட்டு வைத்தது மாதிரி கறுப்பாய் ஒரு வளைவு. ஐயோ, என்ன அழகு! கேமரா மடியிலேயே கிடந்தது. எடுக்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. கடல் பக்கம் அது மறையும்வரை வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருந்தேன்.

லாரி போனதும் குரு வந்தார்.

"போயிருச்சா?"

"போயிருச்சு. பார்த்தேன் குருவே. கறுப்பு வளைவு. ரெண்டு சிறகுலயும்."

"படம்?"

இல்லையென்று தலையை ஆட்டினேன். "நீங்க பார்த்திருப்பீங்கல்லா?"

"நான் லாரியைப் பார்த்துல்லா நின்னேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சிறகை அவரும் ஆயுசில் பார்த்ததில்லை.

"நான் சொல்றதை நம்புறீங்களா?"

"முழுசா நம்புறேன்."

"அப்போ ஏட்டுல ஏத்துவீங்கல்லா?"

"மாட்டேன். படம் இல்ல, கூட ஒரு ஆள் பார்க்கல. யார் எழுதிக் கொடுத்தாலும் அடிப்பேன். நானே ஒத்தையில பார்த்திருந்தாலும் அடிப்பேன்."

ஒன்பது வருஷத்தில் கைக்கு எட்டியது இது ஒன்றுதான்.

"அப்போ இம்புட்டு நேரம் வெயில்ல கிடந்து காய்ஞ்சோமே, எதுக்கு குருவே?"

குரு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காலியாய்க் கிடந்த பாத்தியைப் பார்த்தார்.

"எங்கேயோ பிறந்தது, தெரியாத ஊருக்கு வந்துருக்கு. சாப்பிட்டுட்டுத்தான கிளம்புச்சு அண்ணாச்சி?"

"ஆமா. சாப்பிட்டுட்டுத்தான்."

"வயிறு நிறைய?"

"வயிறு நிறைய."

"அப்புறம் என்ன?" என்றார்.