கரட்டுச்சீமையின் பெரிய பை

தலையில் தேய்த்த எண்ணெய் கண்ணில் வழிய, இடுப்பில் ஒற்றைத் துண்டோடு அரண்மனைப் படிகளில் ஓடிக்கொண்டிருந்தான் கோணப்பன். பின்னால் இரண்டு காவலர்கள். துரத்தவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"அடேய், ஒரு சொம்பு தண்ணியாவது ஊத்திக்கிட்டு வர்றேனே!"

"தலை மிஞ்சினா நாளைக்குக் குளிச்சுக்கோங்க, கவிராயரே. மகாராஜா பல்லைக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு."

எந்த ராஜ்ஜியம், எந்த மகாராஜா என்று கேட்காதீர்கள். முன்னே ஏதோ ஒரு காலம். அந்த மகாராஜாவின் சபையில் கோணப்பன் விகடகவி. அதுதான் தொல்லையே.

அப்போது ஏழு ராஜ்ஜியங்கள் ஒன்றுகூடி ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தன. அதன் பொதுக் கஜானாவிலிருந்து வருஷா வருஷம் ஒவ்வொரு ராஜ்ஜியத்துக்கும் ஒரு தொகை வரும், பின்தங்கிய பகுதிகளைத் தூக்கி நிறுத்துவதற்கு. எந்தச் சீமைக்கு எவ்வளவு என்று பிரிப்பது அந்தந்த மகாராஜாவின் பாடு.

நம் மகாராஜாவுக்கு மூன்று சீமைகள். ஆற்றுச்சீமையில் முப்போகம் விளையும். கடற்சீமையில் மீனும் உப்பும். கரட்டுச்சீமையில் கல், முள், கரை உடைந்து கிடக்கும் ஒரே ஓர் ஏரி.

இத்தனை வருஷமும் பங்கு பிரித்தவர் பெரிய பிரதானி வாகீசர். ஆற்றுச்சீமையின் தலைவரும் அவரே. 'எல்லோருக்கும் சமமாகக் கொடுப்பதுதான் நியாயம்' என்பார். அந்த நியாயத்தில் ஆற்றுச்சீமையில் சத்திரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சத்திரம் எழும்பியது. கரட்டு ஏரியின் உடைப்பில் கொஞ்சம் மண் விழுந்தது. அடுத்த மழையில் அதுவும் போனது.

போன வாரம் மகாராஜா தம் கையாலேயே வெற்றிலை மடித்துக் கோணப்பனிடம் நீட்டினார். இத்தனை காலம் சேவகம் செய்தும் வாகீசருக்கு வெறும் பாக்குகூட அப்படி நீண்டதில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. தூங்கினால் கனவில் வெற்றிலை.

கோணப்பன் சபைக்குள் நுழைந்தபோது மூன்று சீமைத் தலைவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் கூட்டமைப்பின் தூதர். எதிரே நிதிப் பெட்டி. தூணருகே, கத்தியோடு ஒருவன்.

"கோணப்பா, இவர்கள் மூவரும் என் பிராணனை வாங்குகிறார்கள். சமமாகக் கொடுத்தாலும் சண்டை" என்றார் மகாராஜா. "பிரதானி ஒரு யோசனை சொன்னார். இந்த வருஷம் நீ பிரி. ஆனால் பிரித்த பிறகு, 'அவனுக்கு அதிகம்' என்ற குறை ஒருவரிடமும் மிஞ்சக் கூடாது. மிஞ்சினால்..."

மகாராஜா முடிக்கவில்லை. தூணருகே நின்றவன் கத்தியின் கூர்மையைக் கட்டைவிரலால் தடவி முடித்துவைத்தான்.

வாகீசர் தாடியைக் கோதிக்கொண்டார். அன்று காலை அவர் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்.

"உத்தரவு, மகாராஜா. ஒருவருக்கு அடுத்தவர் பை மேல் ஆசை வந்தால்?" என்று கேட்டான் கோணப்பன்.

"மறுக்காமல் மாற்றிக் கொடு. இதுவும் என் உத்தரவு."

தூதர் தொண்டையைச் செருமினார். "எங்கள் நிபந்தனை ஒன்றுதான். ஒரு சீமைக்கு ஒதுக்கிய பணம் அந்தச் சீமையின் எல்லையைத் தாண்டக் கூடாது. மற்றதெல்லாம் உங்கள் விருப்பம்."

கோணப்பன் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினான். கடற்சீமைத் தலைவர் நயினார் முன்னால் நடுத்தரமாக ஒரு பை. வாகீசர் முன்னால் கையடக்கமாக ஒன்று. மிச்சம் அத்தனையும் ஒரே கோணியில். அதை இரண்டு ஆட்கள் தூக்கிவந்து, கரட்டுச்சீமைத் தலைவர் ராக்கண்ணுவின் புழுதிக் காலடியில் தொப்பென்று போட்டார்கள்.

நயினார் கோணியைப் பார்த்தார். தம் பையைப் பார்த்தார். மறுபடியும் கோணியைப் பார்த்தார். வாகீசருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. எழுந்தே விட்டார்.

"அநியாயம்! மகாராஜா, இவன் கரட்டுச்சீமைக்காரன்! முதன்முதலில் கரட்டுச் சாலைப் புழுதியோடுதான் இந்த வாசலில் வந்து நின்றான். சொந்த ஊருக்கு அள்ளிக் கொட்டிவிட்டான். அவர்களுக்குத்தான் அதிகம்!"

சொல்லியாயிற்று. தூணருகே நின்றவன் ஓரடி முன்னால் வந்தான்.

"அவசரப்படாதே அப்பா" என்றான் கோணப்பன் அவனிடம். "குறை தீருகிறதா, மிஞ்சுகிறதா என்று பார்த்துவிட்டு வெட்டலாம். பிரதானியாரே, அந்தப் பை தங்களுக்கு வேண்டுமா?"

"வேண்டும்!"

"எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிக் கொடுப்பது மகாராஜா உத்தரவு."

வாகீசர் பாய்ந்து கோணியின் கழுத்தைப் பிடித்தார்.

"வெளியே நிதிப் பெட்டி வந்த வண்டியும் தயாராக இருக்கிறது."

"வண்டி எதற்கு?"

"தாங்கள் போவதற்கு. இது கரட்டுச்சீமைக்கு ஒதுக்கிய பணம், எல்லையைத் தாண்டாது. பணம் தங்களிடம் வர முடியாது, ஆகவே தாங்கள் பணத்திடம் போக வேண்டியதுதான். இது செலவாகித் தீரும்வரை தாங்கள் கரட்டுச்சீமைத் தலைவர். ராக்கண்ணு ஆற்றுச்சீமைத் தலைவர். தூதரே, நிபந்தனைக்கு ஒத்துவருகிறதா?"

தூதர் யோசித்தார். "பணம் எல்லையைத் தாண்டவில்லை. ஒத்துவருகிறது."

வாகீசரின் பிடி தளர்ந்தது. அதற்குள் ராக்கண்ணு துள்ளி எழுந்துவிட்டார்.

"நான் தயாரு சாமி! ஐயா வீட்டுக் குளத்துல தாமரையா பூத்துக் கிடக்காம்ல? இன்னிக்கே பொண்டாட்டி புள்ளைங்களக் கூட்டிட்டுக் குடி வந்துடுறேன். எங்க வீட்டுச் சாவியக் கேக்காதீங்க ஐயா. கதவே கிடையாது."

"மகாராஜா!" வாகீசரின் குரல் கீச்சிட்டது. "அங்கே எப்படி மனிதன் இருப்பது? குடிதண்ணீருக்கு அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும்!"

"அப்படியா!" என்றான் கோணப்பன்.

"வைத்தியர் கிடையாது! மழை பெய்தால் வண்டி போகாது. பெய்யாவிட்டால் புல்கூட இல்லை! ஏரி உடைந்து எத்தனை காலம்! ஆடு மாடெல்லாம் விற்றுத் தின்றுவிட்டார்கள்!"

"எல்லாம் தெரிந்துதான் சமமாகப் பிரித்தாரா?" என்று மகாராஜா வாய்க்குள் முணுமுணுத்தார்.

"அப்பேர்ப்பட்ட ஊருக்கு இந்தப் பை அதிகமா, பிரதானியாரே?"

வாகீசர் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். வேட்டியை மடித்துக்கட்டிக் கிளம்பத் தயாராக நின்ற ராக்கண்ணுவைப் பார்த்தார்.

"அ... அதிகமில்லை."

"சரியாக இருக்குமா?"

"எங்க சாமி சரியா இருக்கும்?" என்றார் ராக்கண்ணு. "நான் மாறிக்கிறேனே!"

"போதாது! போதவே போதாது!" என்று அலறினார் வாகீசர். கோணியை இரண்டு கையாலும் ராக்கண்ணு பக்கம் தள்ளினார். "என் பையே எனக்குப் பெரிது. நீர் முதலில் உட்காரும் ஐயா, உமக்குப் புண்ணியமாகப் போகும்!"

மகாராஜா நயினார் பக்கம் திரும்பினார். அவர் தம் பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு என் ஊர் உப்புக்காற்றே போதும், மகாராஜா. நான் யாரையும் பார்க்கவில்லை."

கத்திக்காரன் கொட்டாவி விட்டபடி தூணுக்குத் திரும்பினான். தூதர் பைகளுக்கு முத்திரை வைத்தார். தாமரைக்குளம் கைநழுவிய வருத்தத்தோடு ராக்கண்ணு, உடைப்பை அடைக்கக் கல் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று காவலனிடம் விசாரித்துக்கொண்டே கோணியோடு கிளம்பினார்.

மகாராஜாவுக்கு அப்போதுதான் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கிரீடம் சரியச் சிரித்தார். வாகீசர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி, எண்ணெய் வழியும் அந்தக் கழுத்தில் போட்டார்.

"இன்னும் கேள், கோணப்பா. என்ன வேண்டும்?"

"ஒரு பாய், ஒரு தலையணை, மகாராஜா. கொஞ்ச நாளைக்கு இந்த மண்டபத்திலேயே படுத்துக்கொள்கிறேன்."

"ஏன், உனக்கு வீடு இல்லையா?"

"இருக்கிறது. உள்ளேதான் போக முடியாது." கோணப்பன் வாகீசரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "கரட்டுச் சாலை எனக்குக் குறுக்குவழி, அவ்வளவுதான். யாரும் ஊரைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் பிறந்தது, பெண் எடுத்தது எல்லாம் ஆற்றுச்சீமை. இந்த வருஷம் பணமில்லாமல் எங்கள் பாசூர் மதகு பழுது பார்க்காமல் அப்படியே கிடக்கப் போகிறதே, அதன் கீழே முதல் வயல் என் சம்சாரத்தின் சீதனம்."