நாற்பதாம் அட்டை

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு நாற்பத்து மூன்று.

குரு, திண்டுக்கல் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் குணவதி டீச்சர். சீடர் இருதயராஜ், பதினெட்டு வருஷம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கடையைத் தம்பி கையில் விட்டுவிட்டு, மகள் வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து பி.எட். படித்துக்கொண்டிருந்தார்.

பயிற்சிக்கு வந்த இடத்தில் அவர் ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். டீச்சர் பார்த்து மார்க் போட வேண்டும். போன வருஷம் வேறொரு பள்ளியில் எடுத்துக் காட்டித் தேறவில்லை. "வகுப்பில் உயிரில்லை" என்று நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த இரண்டு வார்த்தையை அவர் ஒரு வருஷமாகச் சுமந்துகொண்டு திரிந்தார். இது இரண்டாவது தடவை. மூன்றாவது தடவைக்கு அவருடைய கல்லூரியில் இடமில்லை.

ஆனால் இந்தத் தடவை அவர் கையில் ஒரு சங்கதி இருந்தது.

"டீச்சர், இதப் பாருங்க." நாற்பது அட்டைகளை மேஜையில் விசிறிபோல் விரித்தார். ஒவ்வொன்றிலும் கறுப்புக் கட்டங்களால் ஒரு கோலம், மூலையில் ஒரு நம்பர். "ஒரு பிள்ளைக்கு ஒரு அட்டை. இந்த விளிம்பு மேல இருந்தா அ. இப்படித் திருப்பினா ஆ. அடுத்தது இ. அடுத்தது ஈ. நான் கேள்வி கேட்பேன், அவங்க விடையை மேல பார்க்கத் தூக்கிப் பிடிப்பாங்க. என் போனை இந்தக் கடைசியிலேர்ந்து அந்தக் கடைசிக்கு ஒரு வீச்சு. அவ்வளவுதான். யார் சரி, யார் தப்பு, அத்தனையும் வந்து விழுந்துரும்!"

"பிள்ளைங்ககிட்ட போன் வேணாமா?"

"வேணாம்! என் போன் ஒண்ணு போதும். பக்கத்துப் பிள்ளை பார்த்தாலும் கட்டம்தான் தெரியும், விடை தெரியாது. காப்பியே அடிக்க முடியாது டீச்சர்!"

"நல்லா இருக்கே" என்றார் குணவதி டீச்சர். உண்மையாகவே சொன்னார்.

இருதயராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு வாரமாக மனதில் கிடந்த கேள்வியை அப்போதுதான் கேட்டார்.

"டீச்சர், இனி வரப்போற வாத்தியார் கையில என்ன இருக்கணும்? சாக்பீஸா, போனா?"

குணவதி டீச்சர் மேஜையில் கிடந்த அட்டைகளைக் கொஞ்சம் புரட்டினார். தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அங்கேயே வைத்தார். தடவித் தடவி நடந்து போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

மணி அடித்தது. முப்பத்தாறு பிள்ளைகள் உள்ளே வந்தார்கள்.

"வணக்கம் போன் சார்!"

அப்படித்தான் அவருக்குப் பெயர்.

பாடம், பொருள்கள் ஏன் மிதக்கின்றன என்பது. இருபது நிமிஷம் நடத்தினார். பிறகு கரும்பலகையில் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து கேள்விகள் எழுதினார். ஒவ்வொரு கேள்விக்கும் அட்டைகள் கொக்குக் கூட்டம்போல் எழும்பின. போனை ஒரு வீச்சு வீசினார். விடையைச் சொன்னார். அடுத்த கேள்வி. அவர் கண் போன் திரையை விட்டு நகரவே இல்லை.

முதல் கேள்வி, முப்பத்தாறு சரி. இரண்டாவது, முப்பத்தாறு. மூன்றாவதிலிருந்து முப்பத்தேழு. ஐந்தாவது கேள்வியிலும் அதே எண் வந்தபோது இருதயராஜ் கத்தியேவிட்டார். "சபாஷ்! எல்லாரும் சபாஷ்!"

வகுப்பு கை தட்டியது. முன்பெஞ்சில் இருந்த வகுப்புத் தலைவி ஷர்மிளா பானு எல்லோரையும் விட ஓங்கித் தட்டினாள்.

பிள்ளைகள் போனதும் அவர் ஓடாத குறையாகக் கடைசி பெஞ்சுக்குப் போனார்.

"பார்த்தீங்களா டீச்சர்! கடைசியில நூத்துக்கு நூறு! இதுல இன்னொரு அதிசயம் கேளுங்க. நாற்பதாம் நம்பர் அட்டைக்காரப் பிள்ளை ஒண்ணு. முதல் ரெண்டு கேள்வியும் தப்பு. அப்புறம் மூணும் சரி. நடத்த நடத்தப் புரிஞ்சிருக்கு! இந்தக் கருவி இல்லன்னா இந்தப் பிள்ளையை நான் கண்டுபிடிச்சிருக்க முடியுமா?"

"முடியாதுதான்" என்றார் குணவதி டீச்சர். "அந்தப் பிள்ளை பேரு?"

இருதயராஜ் பட்டியலைப் பார்த்தார். முப்பத்தாறோடு பெயர்கள் முடிந்திருந்தன.

டீச்சர் பெஞ்சுக்கடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். மூலையில் நாற்பது என்று இருந்தது.

"நீங்களா!" இருதயராஜ் சிரித்தார். "முதல் ரெண்டும் ஏன் டீச்சர் வேணும்னே தப்பாப் பிடிச்சீங்க?"

"வேணும்னே பிடிக்கல. போர்டுல கேள்வி என்னன்னே எனக்குத் தெரியாது. கண்ணாடி உங்க மேஜையிலல்ல கிடக்கு."

சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்போ பின்னாடி மூணு கேள்வி?"

"ரெண்டாவது கேள்விக்கு அப்புறம் பிடிபட்டுருச்சு. ஷர்மிளா வலது சடையை முன்னாடி போட்டா அ. இடது சடையைப் போட்டா ஆ. ரெண்டையும் போட்டா இ. ரெண்டும் முதுகுல கிடந்தா ஈ. சிவப்பு ரிப்பன் இல்லையா, கண்ணாடி இல்லாமலே தெரிஞ்சுது."

இருதயராஜ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"திருட்டுப் பிள்ளைங்க" என்றார் கடைசியில்.

"நேத்து அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

யோசித்தார். சொன்னது ஞாபகம் வந்தது. முகம் சிறுத்தது. "அட்டை பிடிக்கச் சொல்லிக் கொடுத்துட்டு, நாளைக்கு என் தலையெழுத்து உங்க கையிலதான் இருக்குன்னு சொன்னேன்."

"கைய வச்சுக் காப்பாத்தியிருக்காங்க. பாவம், அவளுக்குக் கழுத்து வலிச்சிருக்கும்."

சிரிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. அட்டைகளைப் பொறுக்கி அடுக்கினார். அடுக்கியது சரிந்து விழுந்தது. திரும்பப் பொறுக்கினார்.

"இதை எல்லாம் கிழிச்சுப் போட்டுரவா டீச்சர்?"

"எதுக்கு? வேணும்னா அவ சடையை வெட்டச் சொல்லுங்களேன்."

டீச்சர் மேஜையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவரை நன்றாகப் பார்த்தார்.

"சார், உங்க கடைக்கு ஒருத்தர் வர்றார். போனை நீட்டுறார். நீங்க வாங்கிப் பார்க்கிறீங்க. சார்ஜ் ஏறுது, மணி அடிக்குது, பேச்சு கேட்குது. ஒரு கோளாறும் இல்ல. என்ன சொல்வீங்க?"

"பொழுதைக் கெடுக்காம போய்யான்னு சொல்வேன்."

"இன்னைக்கு முப்பத்தாறு பேர் வந்தாங்களே" என்றார் டீச்சர். "மார்க் நோட்டை நாளைக்கு மத்தியானம் எழுதுறேன். நாளைக்கும் ஒரு பீரியட் தர்றேன். அப்புறம் உங்க இஷ்டம்."

மறுநாள் காலை இருதயராஜ் வகுப்புக்குள் நுழையும்போதே முகம் வேறு மாதிரி இருந்தது. ஒரு கையில் கண்ணாடி டம்ளர். இன்னொரு கையில், ஜூஸ் கடையில் வாங்கித் துண்டில் சுற்றிய ஐஸ்கட்டி. குணவதி டீச்சர் இன்றைக்குக் கண்ணாடியோடுதான் கடைசி பெஞ்சில் இருந்தார்.

"ஒரு விஷயம் சொல்லிடறேன்" என்றார் இருதயராஜ் பிள்ளைகளிடம். "நேத்து நான் சொன்னது தப்பு. இன்னைக்கு எல்லாரும் சரியாப் பிடிச்சீங்கன்னா எனக்கு இங்க வேலை இல்ல."

"ஏன் சார்?"

"ரிப்பேரே இல்லாத ஊர்ல மெக்கானிக் என்ன செய்வான்?"

வகுப்பு சிரித்தது. ஷர்மிளா மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ரிப்பனைச் சரிசெய்தாள்.

மேஜையில் ஒரு செய்தித்தாளை விரித்தார். அதன்மேல் டம்ளரை வைத்தார். ஐஸ் துண்டுகளைப் போட்டு, விளிம்பு தொடும்வரை தண்ணீர் ஊற்றினார். ஐஸ் தலை நீட்டி மிதந்தது.

"ஐஸ் கரையப்போகுது. கரைஞ்சு முடிஞ்சதும் தண்ணி என்ன ஆகும்? வழிஞ்சு ஓடும்னா அ. இறங்கிடும்னா ஆ. அப்படியே நிக்கும்னா இ. தெரியாதுன்னா ஈ."

"தெரியாதுன்னு எல்லாம் பிடிக்கலாமா சார்?"

"தாராளமா."

முப்பத்தைந்து தலைகள் முன்பெஞ்சைப் பார்த்தன. ஷர்மிளா வலது சடையை முன்னால் எடுத்தாள். யோசித்தாள். பின்னால் போட்டாள். இடது சடையைத் தொட்டாள். விட்டுவிட்டாள். கடைசியில் சட்டென்று திரும்பி, "எனக்கே தெரியலடி, என்னைப் பார்க்காதீங்க!" என்றாள்.

வகுப்பு திக்குமுக்காடிப் போனது. பிறகு அட்டைகள் ஒன்றொன்றாக எழும்பின. ஒரே சீராக இல்லை. நாலு பக்கமும் திரும்பியவையாக, தயங்கித் தயங்கி.

இருதயராஜ் போனை வீசினார். திரையைப் பார்த்தார். கரும்பலகையில் எண்களை மட்டும் எழுதினார். அ பதினான்கு. ஆ ஆறு. இ பன்னிரண்டு. ஈ ஐந்து. யார் எதைப் பிடித்தார்கள் என்று சொல்லவில்லை.

அவ்வளவுதான். வகுப்பு வெடித்தது.

"வழியும்டா! அதான் ஏற்கெனவே ரொம்பியிருக்குல்ல!"

"லூசு, ஐஸுதான் கரைஞ்சு சின்னதாகுதே!"

"ஆறு பேர் யாரு? எந்த அறிவாளி இறங்கும்னது?"

"நான்தான். இப்ப என்ன?"

பிள்ளைகள் பெஞ்சை விட்டு எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டார்கள். இருதயராஜ் உட்காரச் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. அவரும் அவர்களோடு குனிந்து டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிஷம் போயிருக்கும். ஒரு பையன் கத்தினான். "பேப்பர் நனைஞ்சிருச்சு! வழிஞ்சிருச்சு! நாங்க ஜெயிச்சோம்!"

டம்ளருக்கடியில் செய்தித்தாள் வட்டமாக நனைந்திருந்தது.

இருதயராஜுக்குத் திக்கென்றது. தண்ணீர் அப்படியே நிற்க வேண்டும். புத்தகம் அப்படித்தான் சொன்னது. நேற்று வீட்டில் மூன்று தடவை செய்து பார்த்தார், நின்றது. ஆனால் வீட்டில் செய்தித்தாள் விரிக்கவில்லை. தானே விரித்த தாள் இப்போது தனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. போனைப் பார்த்தார். போனில் அதற்கு ஒன்றும் இல்லை.

பதினான்கு பேர் குதித்துக்கொண்டிருந்தார்கள். விடையைச் சொல்லி வாயை அடைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். பிறகு கேட்டார்.

"எனக்குத் தெரியல. எங்கேர்ந்து வந்துச்சு இந்தத் தண்ணி?"

சத்தம் கொஞ்சம் அடங்கியது. கடைசி பெஞ்சு முத்துப்பேச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இந்த ஒரு வாரத்தில் அவள் குரலை அவர் கேட்டதே இல்லை. விரலால் டம்ளரின் வெளிப்பக்கத்தைத் தொட்டாள்.

"வழிஞ்சிருந்தா மேலேர்ந்து கோடா இறங்கியிருக்கும்ல சார்? இது முத்து முத்தா இருக்கு. எங்க கடையில சோடா பாட்டிலுக்கும் இப்படித்தான் வேர்க்கும். மூடி திறக்காமயே வேர்க்கும்."

"மூடி திறக்காமயேவா?" என்று ஷர்மிளா அவள் பக்கம் திரும்பினாள்.

"ஆமா."

"அப்போ உள்ள இருக்கிற தண்ணி இல்ல இது!"

"அப்ப எந்தத் தண்ணிடி?"

"வெளித் தண்ணி!"

"வெளியில ஏதுடி தண்ணி?"

சாப்பாட்டு மணி அடித்தது. யாரும் நகரவில்லை. "டேய், முட்டை தீர்ந்துரும்டா" என்று ஒருவன் சொன்னான். சொன்னவனும் நகரவில்லை. முப்பத்தாறு மூக்குகள் ஒரு டம்ளரைச் சுற்றி இருந்தன. கடைசி ஐஸ் துண்டு பட்டாணி அளவுக்கு வந்து, கடுகு அளவுக்கு வந்து, இல்லாமல் போனது. விளிம்பில் தண்ணீர் அப்படியே நின்றது.

பள்ளிக்கூடமே அதிர ஒரு கூச்சல் எழுந்தது.

எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகும் வாசலில் விவாதம் கேட்டது. வெளித் தண்ணி, வெளித் தண்ணி என்று.

குணவதி டீச்சர் மதிப்பீட்டு நோட்டைத் திறந்தார். "கற்றல் அடைவு, சதவீதம்னு ஒரு கட்டம் இருக்கு சார். நேத்து நூறு. இன்னைக்கு முப்பத்தாறுல பன்னிரண்டு, முப்பத்து மூணு. கல்லூரியில முதல்ல இந்தக் கட்டத்தைத்தான் பார்ப்பாங்க. எந்த நாளை எழுதட்டும்? நீங்களே சொல்லுங்க."

இருதயராஜ் டம்ளரைப் பார்த்தார். அதன் உடம்பெல்லாம் இன்னும் வேர்த்திருந்தது.

"இன்னைக்கு" என்றார்.

"நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"யோசிச்சா நேத்தைய நாளைச் சொல்லிருவேன். எழுதிருங்க டீச்சர்."

டீச்சர் முப்பத்து மூன்று என்று எழுதினார். கீழே குறிப்புக் கட்டத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். இருதயராஜ் தலைகீழாகவே எழுத்துக் கூட்டிப் படித்தார். "மணி அடித்தும் வகுப்பு கலையவில்லை. தேர்ச்சி."

பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அட்டைகளை அடுக்கினார். போனில் பெயர்களை ஒருமுறை பார்த்தார். ஈ என்று பிடித்தவர்கள் ஐந்து பேர். ஷர்மிளா பானு. முத்துப்பேச்சி. இன்னும் இரண்டு பேர். கடைசியாக, பெயரில்லாமல் ஒரு நம்பர்.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"இன்னைக்குக் கண்ணாடி போட்டிருந்தீங்க. கேள்வி தெரிஞ்சுது. ஐஸ் கரைஞ்சா என்ன ஆகும்னும் உங்களுக்குத் தெரியும். அப்புறம் ஏன் நாற்பதாம் அட்டை 'தெரியாது'ன்னு பிடிச்சுது?"

குணவதி டீச்சர் அட்டையை அவர் கட்டின் மேல் வைத்தார்.

"ஐஸ் என்ன ஆகும்னு தெரியும் சார். இந்தப் பிள்ளைங்க என்ன ஆவாங்கன்னு தெரியல."