இரண்டு கை மண்

“மேலே கிடக்கிற கிழங்கைத் தொடாதே. போன வருஷம் ஒன்னைக் கடிச்சுட்டு, மழை விடுகிறவரை என் நாக்கே எனக்கு இல்லை. மண்ணுக்குள்ளே இருக்கிறதைத் தோண்டு. அதுதான் இனிப்பு.”

“தோண்டலாம். மண் எங்கே இருக்கு? மழை எல்லாத்தையும் கழுவிக் கொண்டுபோயிடுது. இந்த ஊர்க்காரங்களும் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க.”

விலங்கும் செடியும் பேசினால் மனிதருக்குப் புரிந்த காலம் அது. விடிகிற நேரத்தில் வேலியோரம் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த மாதி, இரண்டு முள்ளம்பன்றிகள் பேசிக்கொண்டு போனதை ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

மலைச்சரிவில் இருந்த அவள் ஊரில் உருளைக்கிழங்குதான் சோறு. கொஞ்ச காலமாகக் கிழங்கு பச்சை நிறமாகிக் கசந்தது. தின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். இந்த முறையும் கசந்தால் எல்லோரும் மலையை விட்டு இறங்கி, கூலி வேலைக்குப் போவது என்று ஊர்த்தலைவர் கெம்பையா சொல்லியிருந்தார். அவர் மாதியின் கணவனுக்கு அண்ணன். கணவன் முந்தைய மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டான். அவனைப் புதைத்த இடம் அவள் கொல்லைக்கு மேலேயே இருந்தது. அவனை அங்கே விட்டுவிட்டு இறங்க அவளுக்கு மனமில்லை.

மாதி நேராகக் கொல்லைக்குப் போனாள். செடிகள் சாண் உயரம் வந்திருந்தன.

“ஏன் கசக்கிறே?” என்று ஒரு செடியிடம் கேட்டாள்.

“என் பிள்ளைங்களை அம்மணமா வெயில்ல விட்டுட்டு என்னைக் கேக்கிறியா?” என்றது செடி. “வெயில் பட்டா அதுங்களுக்குப் பயம். பயந்தா பச்சையாகும், கசக்கும். என் காலடியிலே மண்ணைச் சேர்த்து அணை. தண்டு எவ்வளவு மறையுதோ அவ்வளவு கிழங்கு வைப்பேன். தலையை மட்டும் மூடிடாதே. இலைக்கு வெயில் வேணும்.”

மாதி குனிந்து ஒரு கையால் மண்ணைத் தள்ளினாள். அது மறுபக்கம் சரிந்து ஓடியது. இன்னொரு கை வேண்டும். அங்கேதான் அவள் நின்றுவிட்டாள்.

அந்த ஊரில் இரண்டு கையாலும் மண் தள்ளுவது குழியில் கிடத்தியவருக்கு மட்டும்தான். விதைக்கும்போதுகூட இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையால்தான் மண் தூவுவார்கள். உயிருள்ள ஒன்றுக்கு இரண்டு கையாலும் மண் போட்டால் அது செத்துவிடும் என்று நம்பினார்கள்.

மாதி முட்டி போட்டாள். இரண்டு கைகளாலும் மண்ணை வாரி, தண்டைச் சுற்றி அணைத்தாள். அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

வெயில் ஏறுவதற்குள் ஊர் வேலியோரம் கூடிவிட்டது.

“ஒப்பாரி எப்போ வைப்பே, மாதி?” என்று ஒருத்தி கேட்டாள்.

“வந்து கூட அழுங்க மதினி. உங்க கை சும்மாதானே இருக்கு.”

கெம்பையா முன்னால் வந்தார். “எழுந்திரு. என் தம்பிக்குப் போட்ட மாதிரி பயிருக்கும் மண் போடுறியா?”

மாதி நிமிரவில்லை. “அவருக்கு முகத்தையும் மூடினேன், மாமா. இதுக்கு முகத்தை விட்டிருக்கேன்.”

கெம்பையா வரிசைக்குள் காலை வைத்தார்.

“இந்தக் கொல்லை செத்தால் உனக்கு இந்த ஊரில் அடுப்பு கிடையாது. முதல் ஆளா நீதான் இறங்கணும்,” என்றார் கெம்பையா.

“சரி மாமா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வரிசையை மிதிக்கிறீங்க.”

அன்று மாலையே மழை அடித்தது. அணைத்த மண் கரைந்தது. மறுநாள் மறுபடி அணைத்தாள். அதுவும் கரைந்தது. நகக்கண்ணில் மண் ஏறி விரல்கள் வீங்கின. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று மழையில் நனைந்தபடியே நின்று பார்த்தாள். பிறகு சரிவுக்குக் குறுக்காக, வரிசை முழுவதையும் ஒரே கரையாகச் சேர்த்து அணைத்தாள். அது நின்றது. செடியும் நின்றது.

அறுவடை வந்தது. மற்றவர்கள் கொல்லையில் கிழங்கு வெளியே தலைகாட்டிப் பச்சையாகக் கிடந்தது. மாதி தன் கரையைக் கலைத்தபோது, மண் நிறத்தில், செடிக்குச் செடி கிழங்கு கொத்தாக வந்தது. அங்கேயே கல்லைக் கூட்டி வேகவைத்து, முதல் கிழங்கைக் கெம்பையாவிடம் நீட்டினாள். அவர் அதைத் தோலோடு மெதுவாக மென்றார்.

“உப்பு வேணுமா மாமா?”

“வேண்டாம். இன்னொன்னு கொடு.”

அந்த வருஷம் யாரும் மலையிறங்கவில்லை. மாதியின் கிழங்கை எல்லோரும் பகிர்ந்து உண்டார்கள். விதைக்கும் அதிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

உருளைக்கிழங்குச் செடி சாண் உயரம் வந்ததும் இன்று நாம் மண் அணைக்கிறோமே, அது அவளிடமிருந்து வந்ததுதான். அவளுக்கு அடுத்து அணைத்தவர் கெம்பையா. விதைத்த பயிர் தலைதூக்கிய ஒரு காலையில், ஊர் பார்க்க, தலைப்பாகையை அவிழ்த்து வரப்பில் வைத்தார். தன் கொல்லையின் முதல் செடிக்கு எதிரே முட்டி போட்டு, முதுகுக்குப் பின்னால் இருந்த கையை முன்னால் கொண்டுவந்தார்.